பேனலுக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு பேனல் ரூமுக்குள் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டீமேக்கர் ஐயா. தேயிலை ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பு. தூள் நன்றாக வந்தால் அது அவர் போட்டது. கெட்டால் நாங்கள் கெடுத்தது.

திலினி மிஸ். கொழும்பில் இருந்து வந்த இஞ்சினியர். கையில் ஒரு கமரா. முகத்தைப் பிடிக்கிற கமரா இல்லை, சூட்டைப் பிடிக்கிற கமரா.

முத்தையா அண்ணன். ட்ரையரில் நிற்கிறவர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற மேட்டு லயத்து மாரியம்மன் கோயில் பூசாரியும் அவர்தான். அவருக்கு பேனல் ரூமில் ஒரு வேலையும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

நான். அந்தோனி, ஃபேக்டரி வயர்மேன்.

சுவரில் பிள்ளையார், கண்ணாடிச் சட்டத்துக்குள்.

வாசலில் ஒரு நாய். ஃபேக்டரிக்குள் நாய் வரக்கூடாது என்று சட்டம். அது வாசலோடு நின்றது. மிஸ் ஒரு மஞ்சள் ரிப்பன் கட்டி, இதைத் தாண்டி யாரும் வராதீங்க என்று சொல்லியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் தாண்டித்தான் நின்றோம்.

பேனல் என்றால் என்ன என்று போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒருத்தர் கேட்டிருந்தார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. ட்ரான்ஸ்போமரில் இருந்து வருகிற கரண்டு அதற்குள் வந்து, செப்புப் பட்டைகளில் ஏறி, அங்கிருந்து ட்ரையருக்கு, ரோலருக்கு, மாடி ஃபேனுக்கு என்று பிரிந்து போகும். பட்டைகள் சேருகிற இடமெல்லாம் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். அவ்வளவுதான்.

பேனல் கதவு திறந்திருந்தது. மிஸ் கமராவைத் தூக்கினார். அதன் பின்பக்கத்துக் கண்ணாடியில் பேனலின் உள்பக்கம் தெரிந்தது. எல்லாம் நீலம். சூடு இல்லாத இடம் நீலமாகத் தெரியுமாம்.

நடுவில் ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாக எரிந்தது. சுற்றி மஞ்சள். நல்ல வட்டம்.

"மொக்கத மே?" என்றார் மிஸ். சிங்களத்தில், என்ன இது என்று.

கமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். நடுப் பட்டை சேருகிற இடத்தில் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

டீமேக்கர் ஐயாவின் கழுத்து சிவந்தது. அவருக்குக் கோபம் கழுத்தில் இருந்துதான் ஏறும்.

"பேனலுக்குள்ள எவன்டா பொட்டு வச்சான்?"

பேனலுக்குள் பொட்டு வைக்கிற ஆள் ஒரு ஃபேக்டரியில் எத்தனை பேர் இருக்க முடியும்? எல்லாரும் முத்தையா அண்ணனைப் பார்த்தோம். பிள்ளையார் மட்டும் பார்க்கவில்லை.

புளியும் சாம்பலும்

ஆயுத பூசைக்கு எங்கள் ஃபேக்டரி நிற்கும். வருசத்தில் அது நிற்கிறது குறைவு. கரண்டு போனால் நிற்கும், கொழுந்து இல்லாவிட்டால் நிற்கும், சாமிக்கு நிற்கும்.

ரோலரைக் கழுவுவார்கள். ட்ரையருக்கு மாலை போடுவார்கள். தராசுக்குப் பொட்டு, விளக்குமாற்றுக்குப் பொட்டு. ஒரு வருசம் டீமேக்கர் ஐயாவின் மோட்டார் சைக்கிள் சீட்டில் யாரோ பொட்டு வைத்து, அவர் பார்க்காமல் உட்கார்ந்து, டவுனுக்குப் போய் வந்தார். ஹட்டனில் பாதிப் பேர் அதைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார்கள்.

பேனலையும் திறப்போம். மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை நான் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் திறப்பது. தேயிலைத் தூசியை ஊதித் தள்ளுவோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. செப்பைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை நிற்காது. புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு, கோயில் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி பட்டை பட்டையாகத் தேய்ப்பார்கள். கழுவித் துடைத்து ஈரம் காய வைப்போம். பிறகு பார்த்தால் தலை சீவிக்கொள்ளலாம். அப்படி மின்னும்.

இதை ஆரம்பித்தது யார் என்று தெரியாது. நான் வேலைக்கு வந்தபோதே இருந்தது. டீமேக்கர் ஐயாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். வெளிநாட்டு ஆட்கள் ஃபேக்டரி பார்க்க வந்தால், கதவைத் திறந்து காட்டச் சொல்லுவார். வந்தவர்களும் "வெரி கிளீன்" என்று போட்டோ பிடிப்பார்கள். தேயிலையைப் பிடித்ததைவிட அந்தப் பட்டையைப் பிடித்ததுதான் அதிகம்.

இந்த முறைதான் முத்தையா அண்ணன் புதிதாக ஒன்று கேட்டார்.

"அந்தோனி, எல்லா வருசமும் கதவுக்கு மேலேயே பொட்டு வைக்கிறோம். சாமி கதவோட நின்னுக்கிட்டா உள்ளுக்கு யாரு பாக்குறது?"

"உள்ளுக்கு நான் பாக்குறேன்ணே."

"நீ பாத்த லெச்சணந்தான் போன வருசம் மோட்டரு எரிஞ்சிச்சே."

நான் துடைக்கிற துணியை உதறிப் பிழிந்தேன்.

"ஒன்னே ஒன்னு," என்றார். "நடுவுல."

"வைங்க. சீக்கிரம்."

அவர் வைத்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். நான் வேதக்காரன். சட்டைப் பைக்குள் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க சாமிக்கு இந்தக் கரச்சல் எல்லாம் இல்ல. மெழுகுத்திரியோட முடிஞ்சிது. கரண்டே வேணாம்."

"கரண்டு கட்டாகுற நேரம் எங்க வீட்டுக்குத்தானே மெழுகுத்திரி கேட்டு வாறீங்க."

"அது அவசரத்துக்கு" என்றார்.

மூக்கால் பார்த்த காலம்

இப்போது கமரா வந்திருக்கிறது. முன்பெல்லாம் வயர்மேனுக்கு மூக்குத்தான்.

சுவிட்ச் சூடு பிடித்தால் அது எரிவதற்கு முன்னால் ஒரு வாசம் வரும். மாடி ஃபேனுக்கு ஒரு பழைய சுவிட்ச் இருந்தது, கறுப்பு பேக்லைட் மூடி. அது சூடானபோது எப்படி மணத்தது தெரியுமா? கருவாடு. அச்சு அசல் கருவாடு.

அது வந்த நேரம்தான் தப்பு. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். லயத்தில் ஒரு வீட்டிலும் கவிச்சி இல்லை. ஃபேக்டரி மாடியில் கருவாடு மணக்கிறது.

ஃபேக்டரியில் வேதக்காரன் நான் ஒருத்தன்தான். துப்புத் துலக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் சாப்பாட்டுப் பெட்டியை நடுவில் வைத்துத் திறந்தார்கள். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தது. அப்படியும் நம்பவில்லை. வரும் வழியிலேயே தின்றிருப்பான் என்றார்கள். வாயை ஊதச் சொன்னார்கள். முத்தையா அண்ணன்தான் மோந்து பார்த்தார். பூசாரி ஆச்சே.

"வாயில இல்ல," என்றார். "சட்டையில இருக்கும்."

நாலு நாள் அந்த வாசத்தோடு என்னைத் திட்டிக்கொண்டே கொழுந்து வாட்டினார்கள். நானும் மூக்கை நம்பவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது. கடைசியில் சுவிட்ச் டப்பென்று வெடித்து, மாடி முழுக்கப் புகை. புகை போனதும் கருவாடும் போய்விட்டது.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்த அன்று ஐந்து வீட்டில் இருந்து கோழிக்கறி வந்தது. பரவாயில்லை.

அதற்குப் பிறகு கொழும்பில் இருந்து வருசத்துக்கு ஒருமுறை சோதிக்க ஆள் அனுப்பினார்கள். ஒரு தம்பி வருவார். வாசலில் நின்று கமராவைக் காட்டுவார். எல்லாம் நீலம். கதவில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். கீழே கேன்டீனில் தோசை நன்றாக இருக்கும், அங்கே கொஞ்சம் அதிக நேரம் சோதிப்பார். கதவில் பச்சை ஸ்டிக்கர் வரிசையாகச் சேர்ந்தது. நாங்கள் சிவப்புப் பொட்டு வைத்தோம், அவர் பச்சைப் பொட்டு வைத்தார். போல்ட்டை யாரும் தொடவில்லை.

இந்த வருசம் அந்தத் தம்பி வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். திலினி மிஸ் வந்தார்.

கேபிளின் முனகல்

மிஸ் வேறு ஜாதி ஆள். வேலையைச் சொல்கிறேன். காலையில் வேனை விட்டு இறங்கியதும் தேத்தண்ணி கேட்கவில்லை. ட்ரான்ஸ்போமர் எங்கே என்று கேட்டார்.

பனி. எதிரில் நிற்கிற ஆளே பாதிதான் தெரியும். மழைக்கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். தட்டு மாதிரி ஒரு சாமானை, வேலிக்கு வெளியே நின்றே, பெரிய கேபிள் முனைகளைப் பார்த்துத் திருப்பினார். காதில் மாட்டிக் கேட்டார். கேபிள் முனையில் கரண்டு கசிய ஆரம்பித்தால் மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் வருமாம். அதை இது நம் காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றும்.

"கெட்டுப்போன கேபிள் எப்படி மிஸ் கத்தும்?" என்று முத்தையா அண்ணன் கேட்டார். அவர் அங்கேயும் வந்திருந்தார்.

"கத்தாது. ஸ்ஸ்ஸ்... அப்படி. எண்ணெயில மீன் போட்ட மாதிரி."

"நம்ம வீட்டுல மாதிரிதான். கத்துனா பயமில்ல. ஸ்ஸுன்னாத்தான் பயம்."

மிஸ்ஸுக்குத் தமிழ் முக்கால்வாசி விளங்கும். சிரித்தார். காதில் மாட்டுகிறதை அவருக்கும் கொடுத்தார். முத்தையா அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒன்னும் கேக்கல."

"அப்ப நல்லது. கேபிள் சுகம்."

"கேபிள் சுகம்," என்று அவர் என்னிடம் ஒப்பித்தார், அவர்தான் கண்டுபிடித்த மாதிரி. அந்தச் சந்தோசத்தோடுதான் பின்னாலேயே பேனல் ரூமுக்கும் வந்தார். வந்திருக்கக் கூடாது.

மலைக்கு

டீமேக்கர் ஐயா வெளியே போய்ப் பெரிய தொரைக்கு, தோட்டத்து மேனேஜருக்கு, போன் எடுத்தார். பனிக்குள் நடந்துகொண்டே பேசினார். எங்களுக்குக் கேட்டது அவர் பக்கம் மட்டும்தான்.

"ஆமாங்க சார்... சந்தனம்ங்க சார்... இல்லங்க சார், உள்ளுக்கு... அதாங்க சார், அந்த எடம் மட்டும் கொதிக்குது... ஆமாங்க சார்."

திரும்பி வந்தார்.

"முத்தையா. திங்கக்கெழமையில இருந்து நீ மலைக்கு."

மலைக்கு என்றால் ஃபேக்டரி வேலை இல்லை, காட்டு வேலை. புல் வெட்டு, தண்ணீர் ஓடக் கான் வெட்டு, மருந்து அடி. எங்கள் தோட்டத்தில் அது ஒரு தண்டனை. நல்ல காலும் வயதும் உள்ளவனுக்கு அது வெறும் கோபம், ஒரு மாதத்தில் ஆறிவிடும். முத்தையா அண்ணனுக்கு அப்படி இல்லை.

அவருடைய வலது முழங்கால் மடங்காது. விறகு லொறியில் இருந்து கட்டை சரிந்து விழுந்த கால். ஃபேக்டரித் தரை சமம், அதனால் ட்ரையரில் நிற்கிறார். எங்கள் மலையில் ஏறுவதற்கு ஆட்டுக்கே கால் யோசிக்கும். அவரை மலைக்கு அனுப்புவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றுதான். டீமேக்கர் ஐயாவுக்கும் அது தெரியும்.

"ஐயா, பொட்டு தானுங்களே வச்சேன்," என்றார். "குண்டா வச்சேன்?"

"பொட்டு வச்ச எடம் எரியுது. வைக்காத எடம் குளிந்து கெடக்கு. மிஸ்ஸோட கமரா சொல்லுது. நான் சொல்லல."

"சாமிப் பொட்டுங்க ஐயா."

"சாமியையும் சேத்துத்தான் அனுப்பணும். அந்தோனி, அந்தப் படத்தைக் கழட்டு."

பிள்ளையாரைச் சொன்னார். நான் ஸ்டூலைத் தேடுகிற மாதிரி தேடினேன். ஸ்டூல் என் பக்கத்தில்தான் இருந்தது.

முகம்

இத்தனை நேரமும் மிஸ் பேனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கமராவைப் பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். திரும்ப இடப்பக்கம். ஆட்டம் பழகுகிற மாதிரி இருந்தது. நாய்கூட எழுந்து பார்த்தது.

"அண்ணா, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். "இது என்ன?"

கமராவின் கண்ணாடியில் நீலப் பட்டை. அந்த நீலத்துக்குள் லேசாக ஒரு மஞ்சள் உருண்டை. மிஸ் தலையை ஆட்டினால் உருண்டையும் ஆடியது.

"இது நான்," என்றார். "என்னோட முகம். என்னோட சூடு. பட்டை கண்ணாடி மாதிரி இருக்குது, கமராக்குப் பட்டையோட சூடு தெரியல. ரூமோட சூடுதான் தெரியுது. யாரு இதைப் பாலிஷ் பண்ணினது?"

"ஃபேக்டரி," என்றேன்.

"என்ன போட்டு?"

"புளி."

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு "அனே" என்றார். அதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

அந்த நேரம் பத்து மணித் தேத்தண்ணி வந்தது. எவர்சில்வர் ஜக்கில், கொதிக்கக் கொதிக்க. மிஸ் ஜக்கை ஸ்டூலில் வைக்கச் சொன்னார். நல்லவேளை, ஸ்டூல் எங்கே என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

கமராவை ஜக்குக்குக் காட்டினார். நீலம்.

"டீமேக்கர் மஹத்தயா, இது சூடா, குளிரா?"

டீமேக்கர் ஐயா கண்ணாடியைப் பார்த்தார். "கமராவுல குளிருங்க மிஸ்."

"தொட்டுப் பாருங்க."

அவர் கமராவை நம்புகிற மனிதர். முழுக் கையை வைத்தார்.

அந்தச் சத்தத்தை எழுத முடியாது. அம்மா என்று தொடங்கி, எங்கள் எல்லாருடைய அம்மாவுக்கும் போய், ஜக்கைச் செய்தவனுடைய அம்மாவில் முடிந்தது. முத்தையா அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வேலை போகிற நேரத்திலும் மனுசனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

மிஸ் என்னிடம் கறுப்பு டேப் கேட்டார். ஒரு துண்டு கிழித்து ஜக்கின் வயிற்றில் ஒட்டினார். திரும்பக் கமராவைக் காட்டினார். ஜக்கு நீலம். டேப் மட்டும் வெள்ளையாக எரிந்தது.

"டேப் சூடு போடல்ல. தேத்தண்ணிதான் சூடு. மின்னுற எடத்துல கமராக்குக் கண் தெரியாது. டேப் மேல தெரியும். சந்தனம் மேலயும் தெரியும்."

நான் பேனலைப் பார்த்தேன். பொட்டு இருக்கிற இடத்தில் கொதிக்கிறது என்றால், பொட்டு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? இத்தனை வருசமாக அதன் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

டீமேக்கர் ஐயா கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டிருந்தார். கை வெந்தவன் உடனே ஒத்துக்கொள்ள மாட்டான்.

"ஜக்கு வேற மிஸ், பேனல் வேற. சந்தனம் ஈரத்துல கரண்ட இழுத்திருக்கும்."

"சரி. பேனல்லயே பாப்போம். மெயினை நிப்பாட்டுங்க. சந்தனம் படாத எல்லா ஜொயின்ட்டுக்கும் டேப் ஒட்டுறேன். திரும்ப ஓட்டிப் பாப்போம்."

"இப்ப நிப்பாட்ட ஏலாது. ட்ரையர்ல தூள் இருக்கு. கருகிரும்."

"எப்ப தூள் முடியும்?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் முத்தையா அண்ணன்தான். எல்லாரும் திரும்ப அவரைப் பார்த்தோம்.

"பகல் சங்கு ஊதுறதுக்குள்ள எறக்கிருவேன்," என்றார்.

டீமேக்கர் ஐயா இன்னொருமுறை போன் எடுத்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டார், கை ஈரம். பெரிய தொரையின் குரல் எல்லாருக்கும் கேட்டது. நிதானமான குரல்.

"டேப் ஒட்டின எடத்துல ஒன்னாவது சூடுன்னு தெரிஞ்சா, அந்த ஆள் ட்ரையர்லயே இருக்கட்டும். ஒன்னும் இல்லன்னா நீங்க சொன்னபடி மலை. படத்தையும் எடுத்துருங்க."

போன் அணைந்தது.

"கேட்டியா?" என்றார் டீமேக்கர் ஐயா.

"கேட்டேனுங்க," என்றார் முத்தையா அண்ணன்.

பகல் சங்குக்குப் பிறகு

தூள் இறங்கியது. மெயினை இறக்கிப் பூட்டினேன். சாவி சட்டைப் பைக்குள். டெஸ்டர் வைத்து, ஒவ்வொரு பட்டையிலும் கரண்டு இல்லை என்று காட்டினேன். மிஸ் அதையே திரும்பத் தன் மீட்டரால் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அவர் டேப் கிழித்துக் கொடுக்க, நான் ஒட்டினேன். பொட்டு அளவுக்குத்தான். ஒட்டும்போது பட்டையில் கை பட்டது. நிறுத்தி இத்தனை நேரமாகியும் இளஞ்சூடு. நான் அடுத்த துண்டை வாங்கி ஒட்டினேன். இளஞ்சூட்டை வைத்து ஒருத்தருக்கு நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

முத்தையா அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றார். மிஸ் இந்த முறை ரிப்பனை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அந்தோனி, நல்லா அழுத்தி ஒட்டுடா."

"ஒட்டுறேன்."

"ஓரம் கெளம்பாம."

"ஒட்டுறேன்ணே."

"நீ போன வருசம் மோட்டர்ல சுத்துன டேப்பு..."

"அண்ணே, போய் ட்ரையரப் பாருங்க."

போனார். அவர்தான் போக வேண்டும். பட்டை சூடாக வேண்டும் என்றால் ட்ரையர் முழு வேகத்தில் ஓட வேண்டும். ரோலர் எல்லாம் சுற்ற வேண்டும். பழி விழுந்த ஆளே நெருப்பைப் போட்டு, ஃபேனைத் தட்டி, கொழுந்தை ஏற்றினார். வேறு ஆளைப் போடலாம் என்று டீமேக்கர் ஐயாவுக்குத் தோன்றவில்லை. ட்ரையருக்கு அவரைவிட நல்ல ஆள் இல்லை என்று அவருக்கு அடி மனதில் தெரியும் போல.

மெயினை ஏற்றினேன். ஃபேக்டரி உறுமியது. தரை அதிர்ந்தது. எங்கள் ஃபேக்டரித் தரை எப்போதும் அதிரும், அதிலேயே வளர்ந்தவர்களுக்குத் தெரியாது. மிஸ் காலைப் பார்த்தார். பிறகு பேனலின் போல்ட்களைப் பார்த்தார்.

"இந்த போல்ட் எல்லாம் கடைசியா எப்ப முறுக்கினது?"

"முறுக்கச் சொல்லி ஒருத்தரும் எழுதல்ல மிஸ். பச்சை ஸ்டிக்கர்தானே ஒட்டினாங்க."

மிஸ் கதவில் இருந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தார். நகத்தால் ஒன்றைச் சுரண்டினார்.

காத்திருந்தோம். டீமேக்கர் ஐயா வெந்த கையில் பற்பசை பூசிக்கொண்டு நின்றார். புதினா மணம். கேன்டீனில் இருந்து சாப்பாடு வந்தது, யாரும் திறக்கவில்லை. வாடிய கொழுந்து ரோலரில் நசுங்குகிற பச்சை வாசம் மேலே ஏறி வந்தது. நான் கருவாடு மணக்கிறதா என்று மோந்துகொண்டே இருந்தேன். பழக்கம்.

பிறகு மிஸ் முகமூடியை இறக்கி, நீளக் கையுறை போட்டு, கமராவைத் தூக்கினார்.

முதலில் கீழ் வரிசை. மெதுவாக. ஒவ்வொரு இடத்திலும் நின்று, ஒரு படம். பிறகு நடு வரிசை. பிறகு மேல் வரிசை. டீமேக்கர் ஐயா அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். கழுத்து சிவக்க ஆரம்பித்து, பாதியில் நின்று, வெளுத்தது. கழுத்து வெளுத்து அன்றுதான் பார்த்தேன்.

மிஸ் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். தப்பாக எண்ணியிருப்பேன் என்று திரும்ப எண்ணினேன்.

"மெயினை எறக்குங்க," என்றார் மிஸ். "இப்பவே. தூள் கருகினா கருகட்டும்."

டீமேக்கர் ஐயா தலையாட்டினார்.

ரோலர்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. ட்ரையர் ஃபேன் கடைசியாக நின்றது. அந்தச் சத்தம் நின்றால் ஃபேக்டரியில் எல்லாரும் வேலையை விட்டுத் தலை தூக்கிப் பார்ப்பார்கள். கீழே இருந்து முத்தையா அண்ணன் வருகிற சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றும், ஒரு கால் இழுபடும். படிக்கட்டில் அவர் ஏறுவதற்கு நேரம் எடுத்தது.

வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் தேயிலைத் தூசி. ரிப்பனைப் பிடித்துக்கொண்டார். டீமேக்கர் ஐயாவைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்க்கவில்லை.

"அந்தோனி. ஒன்னாவது இருக்கா?"

"இருக்குண்ணே."

"எத்தன?"

"ஒன்பது."